நீரிலும் நிலத்திலும் கழன்ற சங்கிலி

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பம்புசெட் கம்பெனி சமீபத்தில் ஓர் ஆண்டு மலர் வெளியிட்டது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரு பழைய போட்டோ. ஆறு சக்கர வண்டி ஒன்று குளத்தில் மிதக்கிறது. அதன்மேல் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். கீழே, 'நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியை அறுபதுகளிலேயே வெற்றிகரமாக உருவாக்கினோம்' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அந்த ஒருவன் நான்தான். போட்டோ எடுத்தபோது வண்டி எங்கேயும் ஓடவில்லை. இடது பக்கச் சங்கிலி கழன்று வண்டியின் அடிவயிற்றில் கிடந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது கம்பீரத்தினால் அல்ல. எனக்கு நீச்சல் தெரியாது.

மலர் தயாரித்த பிள்ளைகளுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "அப்படீங்களா, அப்ப அடுத்த மலருக்கு நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார்கள். நாலு வரியில் பொய்யைத்தான் சொல்ல முடியும். அதனால் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

என் அப்பா அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தார். மூன்று மாட்டுக்கு நான் தப்பாகச் சொன்னதும், அவரே என்னைக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏற்றிவிட்டார். அது ஐம்பதுகளின் தொடக்கம். இங்கேயும் பல்லைத்தான் பார்க்கச் சொன்னார்கள், பல்சக்கரத்தின் பல்லை. அதில் நான் தப்பு செய்யவில்லை. பத்து வருஷத்தில் ஃபிட்டராகி, சோதனைக் கொட்டகைக்குப் பொறுப்பாளனும் ஆனேன். முதலாளிக்குத் தோன்றும் யோசனைகளை எல்லாம் இரும்பில் செய்து பார்க்கும் இடத்துக்குத்தான் சோதனைக் கொட்டகை என்று பெயர். சோதனை யாருக்கு என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரியும்.

முதலாளி நல்ல மனிதர். பம்பு செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வெளிநாடு போய்வந்தால் ஒரு மாதத்துக்கு அவரைப் பிடிக்க முடியாது. ஒரு தடவை தேங்காய் உரிக்கும் மெஷின் யோசனையோடு வந்தார். நாங்கள் செய்த மெஷின் தேங்காயை உரித்தது, உடைத்தது, துருவவும் செய்தது. நிறுத்தத்தான் முடியவில்லை. சீனாக்காரனோடு சண்டை முடிந்த சில வருஷங்களில் இன்னொரு பயணம் போய், கையில் ஒரு வண்ணத்தாளோடு வந்தார். அதில் தொட்டி மாதிரி ஒரு வண்டி. பக்கத்துக்கு மூன்று சக்கரம். பாதிப் படத்தில் சேற்றில் போகிறது. மீதிப் படத்தில் ஏரியில் போகிறது.

"நஞ்சப்பா, இதைப் பாரு. வரப்புல ஏறும், வாய்க்கால்ல இறங்கும், கொளத்துல நீந்தும். பட்டாளத்துக்கும் ஆவும், பாசனத்துக்கும் ஆவும். நாம செஞ்சுபோடலாமா?"

"செஞ்சுபோடலாமுங்க" என்றேன். அந்தக் கொட்டகையில் வேறு பதில் வழக்கத்தில் இல்லை.

எனக்கு மேலே இருந்தவர் சீஃப் இன்ஜினியர் வரதராஜன். சென்னைக்காரர். சித்திரை வெயிலிலும் டை கட்டுவார். ஆபரேட்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரையும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். நீலம், அளவு எழுத. சிவப்பு, கோளாறு எழுத. பச்சை, சம்மதம் எழுத. நீலத்துக்கும் சிவப்புக்கும் வாரம் ஒருமுறை மை ஊற்றுவார். பச்சைக்கு மை ஊற்றி நான் பார்த்ததில்லை. ஒரு நட்டு உடைந்தால்கூட அதற்கு ஒரு படிவம் உண்டு. உடைந்த நட்டு, உடைந்த நேரம், உடைந்தபோது இருந்தவர்கள், அவர்களின் கையெழுத்து, மூன்று நகல். படிவம் இல்லாமல் ஒரு பொருள் உடைந்தால் அது உடையவே இல்லை என்பது அவருடைய கட்சி.

எட்டு மாதத்தில் வண்டி தயாராகி நின்றது. அதற்கு ஸ்டியரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்தான். இடதைப் பிடித்து இழுத்தால் இடது பக்கச் சக்கரங்களுக்கு பிரேக் விழும், வண்டி இடது பக்கம் திரும்பும். எஞ்சினிலிருந்து சக்கரங்களுக்குச் சக்தி போவது சங்கிலியால். சைக்கிள் சங்கிலிதான், அதைவிடத் தடிமன். தண்ணீரில் அதே சக்கரங்கள் துடுப்பு மாதிரி தள்ளும்.

சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் சங்கிலியின் குணம் தெரியும். ஓட ஓடத் தொய்யும், தொய்ந்தால் கழன்றுவிடும். சைக்கிள் என்றால் இறங்கி மாட்டிக்கொள்ளலாம். குளத்து நடுவில் எங்கே இறங்குவது? அதனால் சங்கிலியை எப்போதும் விறைப்பாக வைக்கும் டென்ஷனர் ஒன்று வேண்டும். முதலில் சீஃப் ஒரு புத்தகத்தைப் பார்த்து, போல்ட்டைத் திருகி விறைப்பேற்றும் முறையை வைத்தார். புத்தகத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த போல்ட்டைத் தொட வண்டியின் தரையைக் கழற்ற வேண்டும். அரை மணி ஓட்டம், இரண்டு மணி கழற்றல். சங்கிலி எவ்வளவு தொய்ந்தது என்று நான் ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல, அவர் நீலத்தில் எழுதுவார். பிறகு சிவப்பில் எழுதுவார்.

அடுத்து, ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னச் சக்கரம் வைத்தோம். அது சங்கிலியின் கீழ்ச் சரத்தை, அதாவது கீழ்ப்பக்கம் ஓடும் பாதியை, தானே அமுக்கி விறைப்பாக வைக்கும். முன்னால் போகும்போது அருமையாக வேலை செய்தது. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தார். அன்று மதியமே வண்டியைப் பின்னால் எடுத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். சங்கிலி கழன்றுவிட்டது. மறுபடி மாட்டி, நெம்புகோலை இழுத்துத் திருப்பினேன். 'டக்.'

காரணம் எனக்கு அங்கேயே புரிந்தது. முன்னால் போகும்போது கீழ்ச் சரம் தொய்யும், மேல் சரம் இழுபடும். பின்னால் போனாலோ பிரேக் பிடித்துத் திரும்பினாலோ, இழுபடுவது கீழாகிவிடும், தொய்வது மேலாகிவிடும். நம் ஸ்பிரிங்கோ கீழேயே உட்கார்ந்திருக்கிறது. இதை சீஃபிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் நஞ்சப்பன், முதலாளி கொடுத்த தேவைப் பட்டியலில் ரிவர்ஸ் போக வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா?"

"இல்லீங்க சார்."

"அப்படியானால் ரிவர்ஸில் கழன்றால் அது கோளாறு ஆகாது."

மறுநாள் வண்டியின் முகப்பில் ஒரு பித்தளைத் தகடு வந்துவிட்டது. 'பின்னோக்கிச் செல்வதைத் தவிர்க்கவும்.' திருப்புவதைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. அதையும் தவிர்க்கச் சொன்னால் வாங்குகிறவன் வீடு திரும்ப முடியாது என்று நினைத்திருக்கலாம்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து அரசாங்கக் குழு ஒன்று பார்வைக்கு வந்தது. தலைவர் பெரிய மீசை வைத்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. இடம், சூலூர்க் குளம். பந்தல், நாற்காலி, இளநீர் எல்லாம் தயார். தலைவரை என் பக்கத்தில் உட்கார வைத்து நான் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினேன். நடுக்குளம் வரை அன்னம் மாதிரி போனது. திரும்ப நெம்புகோலை இழுத்தேன். 'டக்.' இடது பக்கச் சங்கிலி போய்விட்டது. வலது பக்கம் மட்டும் சுற்ற, வண்டி இருந்த இடத்திலேயே வட்டம் போட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

கரையில் முதலாளி நிலைமையைப் புரிந்துகொண்டு பலமாகக் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பிரமாதம்! இவ்வளவு சின்ன இடத்தில் திரும்புகிறதே!" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

ஆறாவது வட்டத்தில் அவருக்குத் தலை சுற்றி, வண்டிக்குள்ளேயே குனிந்து படுத்துவிட்டார். எஞ்சினை அணைத்தேன். மலரில் வந்திருக்கும் போட்டோ அப்போது எடுத்ததுதான், அதனால்தான் அதில் நான் மட்டும் தெரிகிறேன். மீன் பிடிக்க வந்திருந்த பரிசல்காரர் ஒருவர் கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். இறங்கும்போது என் காதருகே, "ஏனுங்க, இதைக் கட்டி இழுக்கறதுக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பரிசல் குடுப்பீங்களா?" என்று கேட்டார். பத்து நாளில் குழுவின் கடிதம் வந்தது. 'வண்டியின் திரும்பும் திறன் போற்றத்தக்கது. நேராகச் செல்லும் திறனையும் அடுத்த பார்வையில் காண விரும்புகிறோம்.'

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுக்குளத்தில் சங்கிலி கழன்ற நிமிஷத்தில் என் பெண்டாட்டி முகம்தான் கண் முன்னால் வந்தது. அடுத்து ஒருவன் இதில் உட்காரும்போது பரிசல்காரர் பக்கத்தில் இருப்பார் என்று என்ன நிச்சயம்?

அன்றிலிருந்து கஞ்சி குடிக்கும்போதும் அதே யோசனை. கடைசியில் விடை எளிதாகத்தான் இருந்தது. எந்தச் சரம் தொய்யும் என்று நாம் ஏன் தீர்மானிக்க வேண்டும்? இரண்டையுமே பிடித்துவிடலாம். இரண்டு கைகள், ஒன்று மேல் சரத்தைக் கீழே அமுக்கும், இன்னொன்று கீழ்ச் சரத்தை மேலே தூக்கும், இரண்டையும் ஒரு ஸ்பிரிங் ஒன்றை ஒன்று நோக்கி இழுக்கும். வண்டிச் சட்டத்தில் எங்கேயும் முடுக்காமல், மொத்தத்தையும் சங்கிலியிலேயே மிதக்க விடுவது. எந்தச் சரம் தொய்கிறதோ அந்தப் பக்கம் அது தானே போய் அமுக்கும். பஞ்சு மில்லில் கழித்துப்போட்ட ஸ்பிரிங்கை வைத்து ஒரே நாளில் செய்தேன்.

சங்கிலியைத் தொடுகிற இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் மூன்று மாதத்தைத் தின்றது. சின்னச் சக்கரம் வைத்தால் சேறு புகுந்து இறுகிப் போனது. இரும்புக் கட்டை சங்கிலியைத் தின்றது. தேக்குக்கட்டை தண்ணீரில் ஊறி உப்பியது. எங்கள் கம்பெனியில் வார்ப்புக்கு மர அச்சு செய்பவர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர். நான் தேக்கோடு மல்லுக்கட்டுவதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் கோணிச் சாக்கில் ஒரு கட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். கருப்பாக, பளபளவென்று, எள்ளு வாசத்தோடு இருந்தது.

"என்னங்க பாய் இது?"

"என்ற மச்சான் எண்ணெய்க் கடைல மோட்டார் செக்கு வெச்சுட்டாருல்ல. பழைய செக்கோட ஒலக்கை இது. முப்பது வருசமா எண்ணெய் குடிச்ச மரம். இனித் தண்ணி குடிக்கச் சொன்னாலும் குடிக்காது, பாருங்க."

குடிக்கவில்லை. ஒரு வாரம் தொட்டியில் போட்டு எடுத்தோம், நூலளவும் உப்பவில்லை. சங்கிலி அதன்மேல் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கி ஓடியது. போடத்தான் வேண்டியதில்லை, உள்ளேயே இருந்தது. கொட்டகை முற்றத்தில் முன்னால், பின்னால், இடது, வலது என்று நாள் முழுக்க ஓட்டினோம். 'டக்' கேட்கவில்லை.

சீஃப் வந்து பார்த்தார். நீலப் பேனாவை எடுத்தார். "பொருளின் பெயர்?"

"செக்கு உலக்கைங்க சார்."

பேனா அப்படியே நின்றது. ராணுவம் பார்க்கப்போகும் வரைபடத்தில் செக்கு உலக்கை என்று எப்படி எழுதுவது? இரண்டு நாள் யோசித்து, 'எண்ணெய் ஊட்டப்பெற்ற உள்நாட்டுக் கடினமரம், முதல் தரம்' என்று எழுதினார். கொள்முதல் பிரிவிலிருந்து உடனே குறிப்பு வந்தது: இரண்டாம் தரம் கிடைத்தால் ஏற்கலாமா? அதற்குப் பதிலாக இன்னொரு படிவம்.

குழுவின் இரண்டாம் பார்வை கோபிசெட்டிபாளையம் பக்கம் பவானி ஆற்றோரத்தில் என்று முடிவானது. ஐப்பசி மாதம். மூன்று நாள் முன்னதாகவே வண்டியை லாரியில் ஏற்றிப் பயணியர் விடுதி வளாகத்தில் இறக்கினோம். குழுவின் குமாஸ்தா ஒருவர் வந்து, எஞ்சினைக் கிளப்பும் இடத்தில் கம்பி சுற்றி ஈயமுத்திரை வைத்தார். குழு வந்து உடைக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்விட்டார். மழையோ ராவும் பகலும் ஊற்றியது. அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். குழு வரவேண்டிய நாளுக்கு முதல் நாள் காலையில் ஆற்றோரத்து வயல்கள் எல்லாம் ஏரியாகக் கிடந்தன.

விடுதி வராந்தாவில் நானும் சீஃபும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இடுப்பு வரை சேறு, தலை சொட்டச் சொட்ட ஒரு பெண் ஓடிவந்தாள். பெயர் பாவாயி. அவள் புருஷன் சென்னியப்பன் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்க்கிறவன். விடிகாலையில் தண்ணீர் அடுப்புக்குள் புகுந்திருக்கிறது. கொப்பரையை இறக்கப் போனபோது கொதிக்கிற பாகு அவன் முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. அவனும் இன்னும் ஐந்து பேரும் கொட்டகை மேட்டில் இருக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர். இவள் சாய்ந்த வாழை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீந்தி வந்திருக்கிறாள்.

"பரிசல்காரங்க வரமாட்டேங்கறாங்க சாமி. முள்ளுக்கம்பி வேலி தண்ணிக்குள்ள கெடக்குது, பரிசல் கிழிஞ்சுபோகும்னு சொல்றாங்க. லாரி சேத்துல எறங்காதாம். இங்க தண்ணியிலயும் போற வண்டி இருக்குதுன்னாங்க. காலெல்லாம் தோலு உரிஞ்சு கெடக்கறாருங்க..."

நான் சீஃபைப் பார்த்தேன். அவர் முத்திரையைப் பார்த்தார்.

"மிஸ்டர் நஞ்சப்பன், அதை உடைக்க நமக்கு அதிகாரம் இல்லை. எழுத்து மூலமான கோரிக்கை, பொறுப்பான ஒருவரின் கையெழுத்து..." என்று இழுத்தார். அவருக்குக் கல்மனசு இல்லை. காகிதம் இல்லாமல் கை நீள்வதற்கு அவர் பழகவில்லை, அவ்வளவுதான்.

"கையெழுத்துத் தெரியாதுங்க. கைநாட்டு வெக்கறன். எங்க வெக்கோணும்?"

சீஃப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மை கொண்டுவருவதற்குள் அவள் தன் சேற்றுக் கட்டைவிரலை அதில் அழுத்திவிட்டாள். சீஃப் பச்சைப் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. மை இறுகிப் போயிருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, சிவப்பாலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு முத்திரைக் கம்பியைக் கையாலேயே பிய்த்தெறிந்து, டையோடு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார்.

"எடுங்கள்."

பாவாயி வழி காட்டினாள். போகும்போது தண்ணீர் ஒரு இடத்தில் ஆளுயரம், அடுத்த இடத்தில் முழங்கால், அதற்கடுத்து வெறும் சேறு. இந்த வண்டிக்கென்றே போட்ட பாதை மாதிரி இருந்தது. கொட்டகை மேட்டில் சென்னியப்பன் கண் சொருகிக் கிடந்தான். அவனை ஏற்றிப் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில், மூழ்கிய வாழைத் தோட்டத்துக்குள், முன்சக்கரங்கள் எதிலோ மாட்டிக்கொண்டன. கையை விட்டுப் பார்த்தேன். முள்கம்பி வேலி. முன்னால் போகப்போக இன்னும் சுற்றும். வெளியே வர ஒரே வழிதான்.

சீஃபின் முகத்துக்கு நேரே அந்தப் பித்தளைத் தகடு இருந்தது. அவர் அதைப் படித்தார். அவரே எழுதிய வாசகம்.

"மிஸ்டர் நஞ்சப்பன், ரிவர்ஸ்" என்றார்.

முற்றத்தில் காலி வண்டியாக ஓட்டியதுதான் அந்த டென்ஷனரின் அனுபவம். இப்போது நான்கு பேர் பாரம், சேறு, சக்கரத்தில் கம்பி. பின் கியரைப் போட்டு எஞ்சினை ஏற்றினேன். சங்கிலி 'கிர்ர்' என்று முனகியது. அந்த 'டக்' எப்போது கேட்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காலுக்குக் கீழேயே காதை வைத்திருந்தேன். வண்டி குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது. கம்பி ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்தது. ஒரு பனை நீளம் பின்னாலேயே வந்தோம். 'டக்' கேட்கவில்லை. எள்ளு வாசம் மட்டும் லேசாக வந்தது.

வேலியைச் சுற்றிக்கொண்டு கரையேறி, சென்னியப்பனைக் கோபி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மற்ற ஐந்து பேரையும் இரண்டு நடையில் கொண்டுவந்து சேர்த்தோம். சாயங்காலம் சீஃப் விடுதிப் படியில் உட்கார்ந்து டையைப் பிழிந்தார்.

மறுநாள் குழு வந்தது. வண்டி முழுக்கச் சேறு. முத்திரை இல்லை. சீஃப் நடந்ததைச் சொன்னார். தலைவர் மனம் உருகி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டு, "ஆனால் பாருங்கள், புதிய வண்டியைத்தான் நாங்கள் பரிசோதிக்கலாம். இது உபயோகப்படுத்திய வண்டி" என்றார். வெள்ளத்தில் ஓடுமா என்று பார்க்க வந்தவர்கள், அது வெள்ளத்தில் ஓடிவிட்டதால் பார்க்காமலே போனார்கள். பிறகு கோப்பு ஒரு இலாகாவுக்குப் போனது. அவர்கள் இது படகு என்று இன்னொரு இலாகாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சக்கரம் இருப்பதால் இது வண்டி என்று திருப்பி அனுப்பினார்கள். வண்டி தண்ணீரிலும் நிலத்திலும் போனதைவிட கோப்பு அதிகம் போனது. கடைசியாக வந்த குறிப்பில் என் டென்ஷனரைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'குறை எதுவும் காணப்படாததால் கருத்து எதுவும் இல்லை.' அதற்குள் முதலாளி அடுத்த பயணம் போய்வந்துவிட்டார்.

தை பிறந்து சில நாள் கழித்துப் பாவாயி கம்பெனிக்கு வந்தாள். கூடவே ஊன்றுகோலோடு சென்னியப்பன். கால் தப்பிவிட்டது. அச்சுவெல்லம் ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று சீஃப் எழுந்து நின்றார்.

"சாமி, தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு அவசரத்துல ஒரு காயிதத்துல கைநாட்டு வெச்சுபோட்டனுங்க. அதுல என்ன எழுதியிருந்துதுன்னு தெரியலீங்க. எங்க பங்காளிக, தோட்டத்தை எழுதி வாங்கிப்போட்டிருப்பாங்கன்னு சொல்றாங்க. எனக்குத் தூக்கமே இல்லீங்க."

சீஃப் அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தார். சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. ரேகை மட்டும் தெளிவாக இருந்தது. "இது நட்டு உடைந்தால் நிரப்புகிற படிவம், அம்மா" என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் அதை அவளிடமே நீட்டினார். பழக்கதோஷத்தில், பெற்றுக்கொண்டதற்கு ரசீது என்று இன்னொரு தாளையும் எடுத்து வைத்தார். அவள் கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சீஃப் ரசீதைக் கசக்கிக் கூடையில் போட்டார். கோப்பிலிருந்து ஒரு காகிதம் ரசீது இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் முகம் தெளிந்தது. "அந்த வண்டிய இவரு பாக்கோணும்ங்கறாருங்க" என்றாள்.

கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். சீஃபும் கூட வந்தார். தார்ப்பாயை விலக்கினோம். சென்னியப்பன் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி அதை ஒரு சுற்று சுற்றி வந்தான். கவனமாகப் பார்த்தான். குனிந்து சங்கிலியைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த செக்கு மரத்தை மோந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இதுலயாங்க நான் வந்தேன்?"

"இதுலதான்."

"நல்லவேளைங்க" என்றான். "நெனப்பு இருந்திருந்தா ஏறியிருக்க மாட்டேன்."